மூட்டுவலி மாத்திரையும் பழைய மருந்துச் சீட்டும்

தமிழ்நாட்டின் எந்த ஊர் மருந்துக்கடையிலும் மாலை வேளையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், மருந்துச் சீட்டின் இடத்தை வெறும் மாத்திரை அட்டை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது விளங்கிவிடும். மாத்திரைகள் தீர்ந்துபோய், ஓரம் கத்தரிக்கப்பட்ட அட்டைத் துண்டை நீட்டி, "இதே மாதிரி ஒரு பத்து கொடுங்க" என்று கேட்பவர்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர்கள் பலர். அந்த அட்டையில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். மூன்றுமே அழற்சியை, அதாவது வலியோடு வரும் சூட்டையும் வீக்கத்தையும், தணிக்கும் 'அழற்சி எதிர்ப்பு' மருந்துகள். எப்போதோ ஒரு மருத்துவர் ஐந்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்தது, ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டப்படி இது நடக்கக் கூடாத காரியம். டைக்ளோஃபெனாக் உட்பட இவ்வகை மருந்துகள் பலவும் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'அட்டவணை எச்' என்ற பட்டியலில் இருப்பவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாதவை. அதே விதிகளில் 65ஆவது விதி இன்னொன்றையும் சொல்கிறது: மருத்துவர் சீட்டிலேயே அனுமதித்து எழுதியிருந்தாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் மருந்து வழங்கக் கூடாது, வழங்கிய கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை அந்தச் சீட்டின் மேலேயே குறிக்கவும் வேண்டும். இதை அலுவலகக் கெடுபிடி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. என் பார்வையில், இந்த மருந்து வகையைப் பொறுத்தவரை அந்த விதி மருத்துவத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. அழற்சி எதிர்ப்பு மாத்திரைக்கான சீட்டு, ஒருவருடைய வயது, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், இரைப்பை, உடன் சாப்பிடும் பிற மருந்துகள் ஆகியவை அன்றைக்கு இருந்த நிலையைக் கணக்கிட்டு எழுதப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் அந்தக் கணக்கின் எல்லா எண்களும் மாறியிருக்கலாம்; மாத்திரையில் மட்டும் மாற்றம் இருக்காது.

மாத்திரை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் இது தெளிவாகும். திசு எங்கே காயப்பட்டாலும், உரசித் தேய்ந்தாலும், செல்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. மூட்டில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் மூட்டு சூடாகி வீங்குகிறது. வலியுணரும் நரம்புகளைக் கூர்மையாக்குவதால், சாதாரண நாளில் உணரவே மாட்டாத ஓர் அசைவுகூட அன்றைக்குச் சுளீரென்று வலிக்கிறது. நொதியை அடைத்துவிட்டால் வீக்கமும் வலியும் சேர்ந்தே தணிகின்றன. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைத்தாலும் மூட்டு வீக்கத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை; இந்த வகை மருந்துகளுக்கு 'அழற்சி எதிர்ப்பு' என்ற தனிப்பெயர் வந்ததற்கு அதுவே காரணம். ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தபோதிலும் அது இந்த நொதியைத்தான் தடுக்கிறது என்பது 1971இல்தான் தெரிய வந்தது. லண்டனில் அதைக் கண்டறிந்து காட்டிய ஜான் வேன், புரோஸ்டாகிளாண்டின் குறித்து ஆய்வு செய்த ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர்கள் இருவருடன் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் மூட்டுக்கு மட்டும் உரிய சரக்கு அன்று. இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலமே அரித்துவிடாதபடி காக்கும் சளிப்படலத்தை ஊற வைப்பது அது. சிறுநீரகத்துக்குள் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்குழாயை, உடம்பில் நீர் வற்றும் வேளையில் திறந்து வைத்திருப்பதும் அதுவே. இரத்தக் குழாய்ச் சுவரில் உருவாகும் புரோஸ்டாசைக்ளின் இரத்தம் உறைவதைத் தடுக்க, தட்டணுக்களில் உருவாகும் த்ராம்பாக்சேன் உறைய வைக்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. மாத்திரை இந்த எல்லா இடங்களுக்கும் இரத்தத்தோடு போகிறது. 'பக்க விளைவு' என்ற சொல் இங்கே சற்று ஏமாற்றுகிறது. முழங்காலில் நடப்பதும் இரைப்பையில் நடப்பதும் ஒரே செயல், இடம் மட்டுமே வேறு.

அடுத்து, எந்த மூட்டுவலி என்ற கேள்வி. நடுவயதைக் கடந்தவர்களின் முழங்கால் வலியில் பெரும்பகுதி மூட்டுத் தேய்மானத்தால் வருவது. குருத்தெலும்பு தேய்ந்து, அதைச் சுற்றிய எலும்பும் மூட்டின் உறையும் எதிர்வினை காட்டும் நோய் இது. மாத்திரை இதில் வலியைத் தணிக்கும். தேய்ந்ததை வளர்க்காது, தேய்வதை நிறுத்தவும் செய்யாது. முடக்கு வாதம் முற்றிலும் வேறு நோய். உடம்பின் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உறையைத் தாக்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் அரை மணிக்கு மேல், சிலருக்கு மணிக்கணக்கில், இறுக்கம் நீடிக்கிறது. இங்கே அழற்சி எதிர்ப்பு மாத்திரை அளிக்கும் நிவாரணம் பெரிது என்பதால்தான் ஆபத்தும் பெரிது. வீக்கம் வடிந்து, விரல் மடங்கி, நோயாளி வேலைக்குப் போகத் தொடங்கும்போதும் உள்ளே எலும்பின் அரிப்பு தொடர்ந்துகொண்டிருக்கும். அதைத் தடுப்பவை மெத்தோட்ரெக்சேட் போன்று நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள். அவற்றை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு மூட்டு மிஞ்சும். மருந்துக்கடை மாத்திரையால் ஓராண்டு சமாளித்துவிட்டு, விரல்கள் கோணத் தொடங்கிய பிறகு மூட்டு மருத்துவரைத் தேடி வருபவர், மாத்திரை வேலை செய்யாததால் கெட்டவர் அல்லர். அது நன்றாக வேலை செய்ததால் காலம் கடத்தியவர்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை இளவயதிலேயே தாக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோயில், முறையான உடற்பயிற்சியோடு அழற்சி எதிர்ப்பு மாத்திரைதான் முதல்நிலைச் சிகிச்சை. பலர் அதை மாதக்கணக்கில் முழு அளவில் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும். யூரிக் அமிலப் படிகங்கள் கால் பெருவிரலில் தங்கித் திடீரென்று பற்றியெரியும் கவுட் நோய்க்கோ சில நாட்களுக்கு மட்டும், ஆனால் கூடுதல் அளவில் தேவைப்படும். எட்டோரிகாக்சிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேய்மானத்துக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், போதாவிட்டால் 60. முடக்கு வாதத்துக்கு 60, போதாவிட்டால் 90. கவுட் தாக்குதலுக்கு 120, அதுவும் எட்டு நாளைக்கு மேல் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்பதற்காக அவருடைய 120 மில்லிகிராம் அட்டையைத் தம் முழங்காலுக்கு வாங்கிச் சாப்பிடுபவர், தமக்கு உரியதைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கை நாள் கணக்கே இல்லாமல் விழுங்குகிறார்.

வயிற்றைப் பற்றி நம்மிடையே இரண்டு நம்பிக்கைகள் ஆழமாக வேரூன்றியுள்ளன. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்கும், இடுப்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை என்பது மற்றொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது: உணவோடு எடுத்தால் நெஞ்செரிச்சலும் குமட்டலும் குறையும். ஆனால் புண் உண்டாவதற்கு முக்கியக் காரணம், மாத்திரை இரைப்பைச் சுவரில் உரசுவது அல்ல. இரத்தத்தில் கலந்த மருந்து, இரைப்பையைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துவதே. ஆகவே ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியே வைத்தாலும், குடலில் மட்டும் கரையும்படி பூசப்பட்ட மாத்திரையாகக் கொடுத்தாலும் புண் வரலாம். ஊசியில் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு; இடுப்பில் தவறான இடத்தில் இறங்கினால் காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்படும்.

இதைவிடக் கவலைக்குரியது, இந்தப் புண் வலிக்காமலே இருப்பது. வலி நிவாரணியால் வந்த புண்ணின் வலியையும் அதே வலி நிவாரணி மறைத்துவிடுகிறது. முதல் அறிகுறி தார் போன்ற கறுத்த மலமாகவோ, காரணம் தெரியாத இரத்தசோகையாகவோ, திடீர் இரத்த வாந்தியாகவோ இருக்கக்கூடும். 65 வயதைக் கடந்தவர்கள், முன்பு குடல்புண் வந்தவர்கள், ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமல் தடுக்கும் பிற மருந்துகளோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி உள்ளவர்களுக்கும் அப்படியே. நம் நாட்டில் அந்தக் கிருமி சாதாரணமாகக் காணப்படுவது. இத்தகையோருக்குச் சீட்டில் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரையும் சேர்த்து எழுதப்படுகிறது. காலையில் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டியது அது. பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்த ரானிடிடின், வழக்கமான அளவில், சிறுகுடலின் முதல் பகுதியில் வரும் புண்ணைத் தடுத்ததே தவிர இரைப்பைப் புண்ணைத் தடுக்கவில்லை. அட்டையை நீட்டி வாங்குபவர் பெரும்பாலும் வலி மாத்திரையை மட்டும் வாங்குகிறார். காவலுக்கு எழுதப்பட்ட இரண்டாவது மாத்திரை முதல் மாதத்தோடு மறந்துபோகிறது.

வயிற்றைக் காப்பாற்றும் நோக்கத்தோடுதான் அடுத்த பெரிய கதை தொடங்கியது. காக்ஸ் நொதி ஒன்றல்ல, இரண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெளிவானது: இரைப்பையிலும் தட்டணுக்களிலும் எப்போதும் இருப்பது காக்ஸ்-1, அழற்சி ஏற்பட்ட இடத்தில் பெருகுவது காக்ஸ்-2. இரண்டாவதை மட்டும் தடுத்தால் மூட்டு தணியும், வயிறு தப்பும் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்ட செலிகாக்சிப் அமெரிக்காவில் 1998இன் கடைசி நாளன்று ஒப்புதல் பெற்றது. மெர்க் நிறுவனத்தின் ரோஃபிகாக்சிப், அதாவது வயாக்ஸ், 1999 மே மாதத்தில் வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான விகர் ஆய்வு, முடக்கு வாத நோயாளிகள் சுமார் 8,000 பேரிடம் ரோஃபிகாக்சிப்பையும் பழைய மருந்தான நாப்ராக்சனையும் ஒப்பிட்டது. புதிய மருந்தில் இரைப்பை, குடல் பாதிப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் மாரடைப்பு நாப்ராக்சன் எடுத்தவர்களில் 0.1 சதவீதம் பேருக்கும் ரோஃபிகாக்சிப் எடுத்தவர்களில் 0.4 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. நாப்ராக்சன் ஆஸ்பிரினைப் போல இதயத்தைக் காத்திருக்கலாம், ரோஃபிகாக்சிப் கெடுத்தது என்று பொருள் அல்ல என்ற விளக்கம் அப்போது முன்வைக்கப்பட்டது.

அந்த விளக்கம் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பெருங்குடல் கட்டிகள் மீண்டும் வராமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காக, 2,586 பேரிடம் ரோஃபிகாக்சிப்பை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் இரு மடங்காக வந்தது தெரிந்தது. வெற்று மாத்திரை யாருடைய இதயத்தையும் காக்காது என்பதால் பழைய விளக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் அந்த மருந்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியா அதே ஆண்டு டிசம்பரில் தடை விதித்தது. முதல் ஆய்வின் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்ததாக, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2005 டிசம்பரில் கவலைக் குறிப்பு எழுதியது. வழக்குகளை முடித்துக்கொள்ள 2007இல் 485 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாரடைப்பு கூடியதற்கான காரணம் முன்சொன்ன இழுபறியில் இருக்கிறது. காக்ஸ்-2ஐ மட்டும் தடுத்தால் உறைவைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் குறைகிறது. காக்ஸ்-1 வழியே தட்டணுக்களில் உருவாகும் த்ராம்பாக்சேன் அப்படியே இருக்கிறது. தராசு உறையும் பக்கம் சாய்கிறது.

இந்தக் கதையைப் புதிய மருந்தின் மீது மட்டும் ஏற்றிவிட்டுப் பழைய மருந்துகளை நிம்மதியாக விழுங்கலாம் என்று பலர் நினைத்தார்கள். நமக்கு மிக நெருக்கமான பாடம் அதற்குப் பிறகுதான் வந்தது. நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வு, நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் என்ற உயர் அளவில் டைக்ளோஃபெனாக் எடுப்பவர்களுக்கும், காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைக்கும் காக்சிப் வகை எடுப்பவர்களுக்கும் இதய, இரத்தக் குழாய் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகக் கண்டது. மிதமான இதய ஆபத்துள்ள ஆயிரம் பேர் ஓராண்டு எடுத்தால் கூடுதலாகச் சுமார் மூன்று பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும், அவர்களில் ஒருவர் இறப்பார் என்பது அதன் கணக்கு. நாப்ராக்சனில் இந்த ஏற்றம் தென்படவில்லை; இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ எல்லா வகைகளிலும் சுமார் இரு மடங்காகியது. அதே ஆண்டு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்போ பக்கவாதமோ இதயச் செயலிழப்போ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று அறிவித்தது. நம் ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவர்களின் வீட்டு அலமாரியிலும் அதே மாத்திரையைக் காண முடிகிறது என்பதுதான் வேதனை.

செலிகாக்சிப்பைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 24,081 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், மிதமான அளவில் அது இதயத்துக்கு ஐபுப்ரோஃபெனையோ நாப்ராக்சனையோ விட மோசமானதாக இல்லை. வயிற்றுக்கு அவற்றைவிட நல்லதாகவும் இருந்தது. சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் கிடைத்த முடிவு அது என்பதை மறந்து, 400க்கும் பொருந்தும் என்று நீட்டக் கூடாது. ஆகவே ஒரே நல்ல மருந்து என்று ஒன்றைக் காட்ட முடியாது. குடல்புண் வந்தவருக்கு ஒன்று, மாரடைப்புக்கு வாய்ப்புள்ளவருக்கு வேறொன்று, இரண்டும் உள்ளவருக்குப் பல வேளைகளில் எதுவுமே வேண்டாம் என்று மருத்துவர் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்குகளை வைத்துத்தான். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் ஐபுப்ரோஃபெனை முதலில் விழுங்கினால், ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்; ஆஸ்பிரின் எடுத்துக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே ஐபுப்ரோஃபெனை எடுக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் பங்கு நம் ஊருக்குத் தனியாகப் பொருந்துவது. இரத்தக் கொதிப்புக்கு இங்கே மிகுதியாக எழுதப்படும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் ஆகியவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்குழாயைத் தளர்த்துகின்றன. அழற்சி எதிர்ப்பு மாத்திரை உள்ளே வரும் குழாயை இறுக்குகிறது. இவற்றோடு நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் நீரும் குறைகிறது. மூன்றும் கூடினால் வடிகட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போய்ச் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். டெல்மிசார்ட்டனும் நீர் பிரிக்கும் மருந்தும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வருவதால், 'நான் ஒரு பி.பி. மாத்திரைதான் சாப்பிடுகிறேன்' என்று நம்புபவருக்கு இரண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. மூன்றாவதை அவரே கடையில் வாங்கிச் சேர்க்கிறார். சித்திரை வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ வேர்த்துக் கொட்டியவர், வயிற்றுப்போக்கில் படுத்தவர் ஆகியோருக்கு இது இன்னும் எளிதாக நேரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அது பெரிய நன்மை. ஆனால் அந்த மாத்திரையைத் தருபவரும் முழங்கால் மாத்திரையை விற்பவரும் வேறு வேறு ஆட்கள். இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இடையில் எவரும் இல்லை.

இரத்தப் பரிசோதனைத் தாளும் ஏமாற்றும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1 என்று வந்தால் முப்பது வயது ஆணுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். எழுபது வயதுப் பாட்டிக்கு அதே 1.1 என்றால் சுமார் 54தான். தாளில் இரண்டுமே 'சாதாரணம்' என்ற கட்டத்துக்குள் அடங்கியிருக்கக்கூடும். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கியவர்களுக்கு இந்த வகை மாத்திரையே கூடாது. 30க்கும் 60க்கும் இடைப்பட்டவர்கள் நீண்ட நாள் எடுக்காமல் இருப்பது நல்லது. மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் இரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் மீண்டும் பார்க்கச் சொல்வது, முதியவர்களிடத்தில் நல்ல மருத்துவர்களின் பழக்கம்.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யக்கூடும் என்பதற்கு நம் நிலத்திலேயே ஒரு துயரமான சாட்சி உண்டு; மனிதர்களிடத்தில் அன்று, கழுகு இனத்தைச் சேர்ந்த பாறு பறவைகளிடத்தில். மாடுகளின் கால்வலிக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக், மாடு செத்த பின் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிய வைத்ததென்று 2004இல் நிறுவப்பட்டது. ஒருவகையில் கவுட் வலிக்குக் கொடுக்கும் மருந்தே அவற்றுக்கு உள்ளுறுப்புக் கவுட்டைக் கொடுத்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது. கால்நடைகளுக்கு இந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்ட பிறகும், மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகச் சுருக்கப்பட்டது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. மனிதச் சிறுநீரகம் பாறுவினுடையதைப் போல ஒரே வேளையில் வீழ்ந்துவிடுவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வேறு சிலருக்கும் இந்தச் சீட்டு திரும்ப எழுதப்பட வேண்டும். முடக்கு வாதம் பெண்களிடம் மிகுதி; குழந்தை பெறும் வயதிலும் வரும். கருவுற்று இருபது வாரத்துக்குப் பிறகு இந்த மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும், முப்பது வாரத்துக்குப் பின் குழந்தையின் இதயத்தருகே இருக்கும் ஓர் இரத்தக் குழாயை முன்கூட்டியே மூடச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுத்திணறல் வரும். மழைக்காலக் காய்ச்சலில் உடம்பும் மூட்டும் வலிக்கிறதென்று கையிருப்பு மாத்திரையைப் போடுவது, அது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தவுடன் கை வலி மாத்திரையைத் தேடுவது இயல்புதான். இரண்டையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு என்பதால், தொடக்க நாட்களில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

அட்டையின் பின்புறத்தையும் ஒருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. நம் சந்தையில் இம்மருந்துகள் தனியாக வருவது குறைவு. அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம், அதோடு தசை தளர்த்தியோ செராஷியோபெப்டிடேஸ் என்ற நொதியோ சேர்ந்த கூட்டு மாத்திரைகளே அதிகம். அந்த நொதி வீக்கத்தைக் குறைக்கும் என்பதற்கான சான்று மெலிந்தது. கூட்டு மாத்திரை எடுப்பவர் தலைவலிக்கென்று தனியாகப் பாராசிட்டமால் 650 போட்டால் அன்றைய கணக்கு எகிறும். இரு மருத்துவர்கள் இரு வணிகப் பெயர்களில் எழுதியதால், ஒரே டைக்ளோஃபெனாக்கை இரட்டிப்பாகச் சாப்பிட்டவர்களும் உண்டு. இவ்வகையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்து எடுப்பதால் வலி கூடுதலாகக் குறைவதில்லை. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் சுமைதான் கூடுகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்த 156 கூட்டு மருந்துகளில், அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையும் ஒன்று. 'வாதப் பொடி' என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்பட்டு மறுநாளே வலியைப் பறக்க வைக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டோ இதே வலி நிவாரணியோ கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருப்பதால், அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முழங்கால் தேய்மானத்துக்கு மட்டும் என்றால், மாத்திரைக்கு முன்னால் வைக்க வேண்டியது களிம்பு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் மேலே தடவும் அழற்சி எதிர்ப்பு மருந்தைத் தரச் சொல்கிறது. அது போதாதபோதுதான் மாத்திரை, அதுவும் இரைப்பைக் காப்போடு, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. டைக்ளோஃபெனாக் 1 சதவீதக் களிம்பை ஒரு முழங்காலில் நாளுக்கு நான்கு முறை முறையாகத் தடவினாலும், மாத்திரையால் இரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 சதவீதமே சேர்கிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே இது எட்டாது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும் கேட்டுச் சலித்த அறிவுரைகள் என்றாலும், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மேல் இறங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்ற அளவீடு என்னைச் சற்றே யோசிக்க வைத்தது.

இந்த மாத்திரைகளில் ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை. ஸ்டீராய்டைப் போல இவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை ஓரிரு நாளில் உடம்பை விட்டு நீங்கிவிடும். ஏறியிருந்த இரத்த அழுத்தமும், தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் கிரியாட்டினினும், பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். தேய்மான வலி ஒரே சீராக இருப்பதும் இல்லை; சில வாரம் கூடும், சில வாரம் தானே அடங்கும். அடங்கிய வாரத்தில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பவருக்கு, அது இன்னும் தேவைதானா என்பதை முழங்காலே சொல்லிவிடும். முடக்கு வாதமும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிசும் உள்ளவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்யாமல், சிகிச்சை தரும் மூட்டு மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். வலி திரும்பி வந்து மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பழைய அட்டைத் துண்டையும் கொதிப்பு, சர்க்கரை, இதய மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்சென்று மேசை மேல் கொட்டிவிட்டால், புதிய சீட்டு எழுதுவதற்கு வேண்டிய செய்தியில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதியை அன்றைய இரத்த அழுத்தமும் ஒரு கிரியாட்டினின் பரிசோதனையும் சொல்லும்.